எல்லாக் கேள்விக்கும் இல்லை

1

அன்று எங்கள் பதினோராவது கல்யாண நாள். கேசரி கிளறலாம் என்று காலையில் ரவையை வறுத்துக்கொண்டிருந்தேன். வாசல் கதவில் கடிதம் விழுந்த சத்தம் கேட்டது. இந்த ஊர்த் தபால்காரர் 'போஸ்ட்' என்று ஒரு குரல் கொடுக்கமாட்டார். கதவில் இருக்கிற ஓட்டையில் திணித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய் எடுத்தேன். குழந்தைகள் மனநலப் பிரிவிலிருந்து வந்திருந்தது. பதினான்கு மாதமாக நான் காத்துக்கிடந்த கடிதம் அது.

படித்தேன். மறுபடியும் படித்தேன். ரவை தீய்கிற வாசனை வந்தது. தீயட்டும் என்று விட்டுவிட்டேன்.

இங்கிலீஷ்காரர்கள் கடிதம் எப்போதும் மரியாதையாகத்தான் இருக்கும். கழுத்தை அறுக்கப்போகிறார்கள் என்றாலும் 'தங்கள் பொறுமைக்கு நன்றி' என்றுதான் ஆரம்பிப்பார்கள். விஷயம் இதுதான். உங்கள் மகள் யாழினியைப் பற்றித் தாயும் தந்தையும் தனித்தனியாக நிரப்பிய படிவங்கள் கிடைத்தன. பள்ளிக்கூடம் நிரப்பியதும் கிடைத்தது. தாய் சொல்வதும் பள்ளிக்கூடம் சொல்வதும் ஒத்துப்போகின்றன. தந்தை சொல்வது நேர்மாறாக இருக்கிறது. ஆகவே இப்போதைக்கு எந்த முடிவுக்கும் வர இயலவில்லை. பெற்றோர் இருவரும் புதிய படிவங்களை நிரப்பி நான்கு வாரத்துக்குள் தபாலில் அனுப்பவும். தவறினால் குழந்தையின் பெயர் காத்திருப்போர் வரிசையிலிருந்து நீக்கப்படும்.

பழைய படிவங்களின் நகலையும் கூடவே வைத்திருந்தார்கள். என் கணவர் நிரப்பியதைப் பிரித்தேன். நாலு பக்கம். உட்கார வேண்டிய இடத்தில் எழுந்து ஓடுகிறாளா? ஒருபோதும் இல்லை. தொடங்கிய வேலையைப் பாதியில் விடுகிறாளா? ஒருபோதும் இல்லை. மற்றவர்கள் பேசும்போது குறுக்கே பேசுகிறாளா? ஒருபோதும் இல்லை. பொருள்களைத் தொலைக்கிறாளா? ஒருபோதும் இல்லை. நாலு பக்கமும் ஒரே கட்டத்தில் மேலிருந்து கீழே வரிசையாக டிக். பொருள்களைத் தொலைப்பதில்லையாம்! அவர் இதை நிரப்பிய மாதம் மட்டும் மூன்று தண்ணீர் பாட்டில், ஒரு குளிர்க்கோட்டு, ஒற்றை ஷூ. ஒற்றை ஷூவைத் தொலைத்துவிட்டு ஒரு பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கிறாள். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவரே இவர்தான்.

பாலு மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் சூப்பர் மார்க்கெட் பூங்கொத்து. எனக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்திருக்கிறார், பாவம்.

"என்னா தீயுது?" என்றார்.

"குடும்பம் தீயுது. வந்து பாரு."

சாதாரணமாக அவரை 'நீங்க' என்பேன். கொஞ்சுகிற நேரம் 'மாமா'. 'நீ' வந்தால் அவருக்குப் புரிந்துவிடும். பூங்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் படிவத்தைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு போட்டு அனுப்பியிருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்குதா? பதினாலு மாசம் நான் நாயா காத்துக்கினு கெடந்தது எதுக்கு?"

"பாரத்துல 'ஆமா'ன்னு போட்டவன் எவண்டி உருப்பட்டான்?" என்றார் என் கணவர்.

2

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கு எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் அமுதா. திண்டிவனம். நர்சு. ஏழு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தின் வடக்கே இருக்கிற இந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து வந்தேன். என் விசாவில் கணவரும் இரண்டு வயது மகளும் வந்தார்கள். பாலுவுக்குக் கண்டமங்கலம் பக்கம். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் குனிந்து நிமிர்ந்துதான் எங்களைப் படிக்க வைத்தார்கள். பாலு விழுப்புரத்தில் பாலிடெக்னிக் படித்தார். ஏழு அரியர். பாடம் தெரியாமல் இல்லை. ஹால் டிக்கெட்டை மறந்துவிட்டுப் போவார், ஒரு பக்கத்தைத் திருப்பாமலே பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்தேன். இங்கே ஒரு கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டுகிறார்.

யாழினிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் அவள் 'யாஸ்'. 'யாழினின்னு அவங்களுக்கு வரல, விடும்மா' என்று எனக்கே சமாதானம் சொல்வாள். தமிழ் புரியும், பேசுவாள். ஆனால் கோபம் வந்தால் இங்கிலீஷ்தான். அவளுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்று நினைக்கிறேன். நினைப்பதென்ன, எனக்குத் தெரியும். கவனம் ஒரு இடத்தில் நிற்காது, உடம்பும் நிற்காது, மனசில் வந்ததைச் செய்யாமல் கையும் நிற்காது. அது திமிர் இல்லை, செல்லமும் இல்லை. மூளை வேலை செய்கிற விதம் அப்படி. அதை டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் பள்ளிக்கூடத்தில் அவளுக்கென்று ஓர் உதவியாளர் உட்காருவார், பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கும், தேவையென்றால் மருந்தும் கிடைக்கும். எழுதிக் கொடுக்காத வரைக்கும் அவள் 'அடங்காத பொண்ணு'. வகுப்பில் எல்லோரும் பிறந்தநாளுக்குப் போகிற சனிக்கிழமைகளில் அவள் மட்டும் வீட்டில் இருக்கிறாள்.

அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் இவ்வளவும்.

பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதும் பாலு. ஆகவே புகார்கள் முதலில் அவர் காதில்தான் விழும். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வந்துவிடுவார். ஒரு தடவை டீச்சர், யாஸ் ஒரு 'ஹேண்ட்ஃபுல்' என்று சொல்லியிருக்கிறார். சமாளிக்க முடியவில்லை என்று அர்த்தம். இவரோ கை நிறைய என்று புரிந்துகொண்டு, பெண்ணைப் பாராட்டினார்கள் என்று எனக்குச் சொன்னார். இந்த ஊர்க்காரர்கள் பல்லைக் காட்டிக்கொண்டே திட்டினால் இவருக்கு எப்படித் தெரியும்? அதையாவது மன்னித்துவிடுவேன். காரின் டாஷ்போர்டுக்குள் பள்ளிக்கூடத்துக் கடிதங்கள் ஆறு இருந்ததை நானாகத்தான் கண்டுபிடித்தேன். அதற்கு என்ன சொல்வது? 'உனுக்கு எதுக்கு டென்ஷன்னு வெச்சேன்' என்றார்.

யாழினிக்கு நாலு வயதாக இருக்கும்போது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கையை உதறிக்கொண்டு ரோட்டில் பாய்ந்துவிடுவாள். ஒரு நாள் பஸ் சக்கரத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்தான். இந்த ஊரில் அதற்கென்றே வார் விற்கிறது. குழந்தை முதுகில் பொம்மைப் பை, அதிலிருந்து ஒரு வார், மறுமுனை அம்மா கையில். நான் வாங்கி வந்து மாட்டினேன். பாலு வேலையிலிருந்து வந்து பார்த்தார். குழந்தை முதுகிலிருந்து அதைப் பிய்த்தெடுத்து, கத்தரிக்கோலால் நாலு துண்டாக வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். 'எம் பொண்ணு என்னா ஆட்டுக்குட்டியா?' என்று கத்தினார். நானும் கத்தினேன். பத்து நாள் பேசாமல் இருந்தோம்.

எங்கள் சண்டைகளுக்கெல்லாம் கணக்கு அங்கேதான் ஆரம்பம் என்று நினைக்கிறேன். இப்படி ஒரு குழந்தை இருக்கிற வீட்டில் புருஷன் பெண்டாட்டி என்ன பேசுவார்கள் தெரியுமா? பால் வாங்கினியா, ஷூ எங்கே, டீச்சர் என்ன சொன்னாங்க, நீ ஏன் கத்துன, நீ ஏன் கத்தல. அவ்வளவுதான். அவர் வரும்போது நான் கிளம்புவேன், நான் வரும்போது அவர் கிளம்புவார். வாட்ச்மேன்கள் சாவி மாற்றிக்கொள்வதுபோல் வாசலில் குழந்தையை மாற்றிக்கொள்வோம். ஒருவர் கண்டித்தால் மற்றவர் கொஞ்சுவார். அவள் நடுவில் நின்று இரண்டு பேர் முகத்தையும் பார்ப்பாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சரி, அந்தப் பாரத்துக்கு வருகிறேன். 'ஆமா'ன்னு போட்டவன் எவன் உருப்பட்டான் என்ற தத்துவம் எங்கிருந்து வந்தது? விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில்தான் எங்கள் விசாப் படிவங்களை நிரப்பினோம். உள்ளே இருந்த ஏஜென்ட் கீபோர்டைத் தட்டிக்கொண்டே பாடம் நடத்தினார். "சார், கேள்வியெல்லாம் படிச்சி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. நோய் இருக்குதா, நோ. கேசு இருக்குதா, நோ. அது இருக்குதா, நோ, இது இருக்குதா, நோ. 'எஸ்'ஸுன்னு ஒண்ணு போட்டீங்க, பேஜாரு ஆயிடும்." உண்மையாகவே எங்களுக்கு எதுவும் இல்லை, நோ என்பதுதான் சரியான பதில். ஆனால் பாலு அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை, பழக்கமாக எடுத்துக்கொண்டார். ரேஷன் கார்டிலிருந்து இந்த ஊர் நூலக அட்டை வரைக்கும் அதே கதைதான். அதிகாரி கேள்வி கேட்டால் மாட்டிவிடத்தான் கேட்பான் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். உதவி செய்வதற்கும் கேள்வி கேட்பார்கள் என்று நமக்கு எவன் சொல்லிக்கொடுத்தான்?

3

போன ஆகஸ்ட் லீவில் ஊருக்கு வந்திருந்தோம். அந்தக் கூத்தை எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

என் தம்பி மகனுக்கு மயிலம் கோயிலில் காதுகுத்து. மலை மேலே நல்ல கூட்டம். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்திருந்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்தார். வரிசைத் தட்டுகளைச் சுற்றி வைத்திருந்தோம். யாழினிக்கு அந்தக் கம்பி எப்படி உள்ளே போகிறது என்று பார்த்தே ஆகவேண்டும். மூன்று தடவை பிடித்து உட்கார வைத்தேன். நாலாவது தடவை பாய்ந்தாள். கால் தட்டி ஒரு தட்டு கவிழ்ந்தது. குங்குமம் தரையெல்லாம் கொட்டியது. தேங்காய் ஒன்று உருண்டு படியில் இறங்கி ஓடியது. இவள் விட்டாளா? கூட்டத்துக்குள் புகுந்து தேங்காய்க்குப் பின்னாலேயே ஓடி, அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க மேலே வந்தாள். பந்தயத்தில் ஜெயித்த முகம்.

அங்கே ஒருவர் முகமும் சரியாக இல்லை.

"குங்குமத்தைக் கொட்டிட்டுது பாரு. இன்னா புள்ளடி இது? வெளிநாட்டுல வளத்தா இப்டிதான்," என்றார் என் பெரியம்மா. "ரெண்டு இழுப்பு இழுத்தா எல்லாம் சரியாப் போவும். போனைக் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கா."

"முடி எறக்கறேன்னு வேண்டிக்கோ, அடங்கிடும்," என்று ஒரு சித்தி.

நான் பாலுவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். குழந்தையென்றால் ஓடத்தான் செய்யும் என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னார். பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அம்மாக்காரி டூட்டி டூட்டின்னு ஓடிக்கினே கெடந்தா புள்ளையும் ஓடத்தான் செய்யும், பெரீம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். என் டூட்டியில் வந்த விசாவில் வாழ்கிற மனுஷன் சொல்கிறார், என் டூட்டியால்தான் பிள்ளை இப்படி என்று! அவரை அத்தனை பேர் நடுவில் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கோபத்தை என்ன செய்தேன் தெரியுமா? யாழினியை ஓங்கி அறைந்துவிட்டேன். எனக்கும் பிள்ளை வளர்க்கத் தெரியும் என்று அந்தப் பெரியம்மாவுக்குக் காட்ட வேண்டுமே, அதற்காக.

அவள் அழவில்லை. தேங்காயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றாள். "சாரி சொல்லிட்டேனேம்மா. எடுத்துட்டும் வந்துட்டேனே," என்றாள்.

அந்த அடிக்கு நான்தான் பொறுப்பு. அதை யார் தலையிலும் போடமாட்டேன். ஆனால் அறிவுரை சொல்ல வருகிறவர்களே, உங்களையும் கேட்கிறேன். நீங்கள் சொன்ன வைத்தியத்தைத்தான் அன்றைக்குச் செய்தேன். சரியாகிவிட்டதா? ஒரு குழந்தை நொண்டினால் அம்மாவைத் திட்டுவீர்களா? கண் தெரியவில்லை என்றால் கண்ணாடி போடுவீர்களா, சூடு போடுவீர்களா? மூளையில் ஒரு சிரமம் என்றால் மட்டும் வளர்ப்பு சரியில்லை. வளர்ப்பு என்றால் அம்மா மட்டும். அப்பாக்காரர் பந்தியில் உட்கார்ந்து வடை தின்றார்.

அன்று சாயங்காலம் வாடகைக் காரில் விழுப்புரம் வழியாகக் கண்டமங்கலம் போனோம். கூட்டேரிப்பட்டில் ஹைவே ஏறியதிலிருந்து சண்டை. டிரைவர் தம்பி முதலில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். நாங்கள் அதற்கு மேலே கூட்டினோம். கடைசியில் அவரே, "யக்கா, கொயந்த கேக்குதுக்கா," என்றார். அதற்கப்புறம்தான் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். யாழினி கண்ணாடியை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னாலதான் ரெண்டு பேரும் சண்டை போடறீங்களா?" என்றாள்.

"இல்லடா," என்றேன். நானும்தான் இல்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

4

கல்யாண நாளுக்கு வருகிறேன். தீய்ந்த ரவையைக் கொட்டினேன். பூங்கொத்து பிரிக்காமலே நாலு நாள் மேசையில் கிடந்து வாடியது. நான் மாடியில், அவர் கீழே சோபாவில். புதிய படிவங்கள் இரண்டும் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் என்னுடையதை அன்றைக்கே நிரப்பி உறையில் போட்டுவிட்டேன். அவருடையது காலியாகத் தொங்கியது. இந்த முறையும் 'இல்லை' என்று போட்டால் நான் யாழினியைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போவது என்று முடிவெடுத்திருந்தேன். மிரட்டலுக்காக இல்லை. ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்கிறவளிடம் ஒரு அறை இருக்கிறதா என்று கேட்டும் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீடியோ காலில் வருவார். அஞ்சலை அத்தை. வாரம் தவறாது. நான் எடுத்தேன். பாலு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். யாழினி மேசைக்கு அடியில் உட்கார்ந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, மொகம் வாடிக் கெடக்குது? சண்டையா?" என்றார் அத்தை.

மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கடிதம், படிவம், இவர் போட்ட 'இல்லை' எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். யாழினி இப்படி இருப்பதை மறைத்தால் அவள் படிப்பு போய்விடும் என்றேன். அத்தையும் பெரியம்மா மாதிரிதான் பேசுவார் என்று தயாராக இருந்தேன்.

"அதுக்கா சண்டை? அவனும் அப்டிதாம்மா," என்றார் அத்தை. "ஒரு எடத்துல குந்த மாட்டான். நடவுக்கு இட்டுக்கினு போனா கெணத்தாண்ட ஓடுவான். வூட்ல வுட்டா ரோட்டாண்ட ஓடுவான். பாண்டி ரோடு, பஸ்ஸும் லாரியும் எப்டிப் போவும்! நான் இன்னா பண்ணுவேன்? பழம்பொடவையக் கிழிச்சி வேப்ப மரத்தோட இடுப்புல கட்டிப் போட்டுட்டுப் போவேன். பக்கத்துல சொம்புல தண்ணி, கேப்பைக் கூழு. சாயங்காலம் வந்து அவுத்து வுடுவேன்."

நான் பாலுவைத் திரும்பிப் பார்த்தேன்.

"கயிறுன்னா அறுக்கும்னுதாம்மா பொடவைல கட்னேன்," என்றார், நான் எதையோ தப்பாக நினைக்கிறேன் என்று தோன்றியதுபோல. "அவங்கப்பன் செங்கல் சூளைக்குப் போயிடுவாரு. வந்தா, புள்ளைய இன்னா வளத்தன்னு என்னை அடிப்பாரு. இவனாலதான் எங்களுக்குத் தெனம் சண்டை. ஸ்கூல்லயும் பேஜாருதான். நாலாவது படிக்கச் சொல்லோ வாத்தியாரு டி.சி. கிழிச்சிக் குடுத்துட்டாரு. நடத்தை சரியில்லைன்னு அதுல எழுதிட்டாராம். எந்த ஸ்கூலுக்கு இட்டுக்கினு போனாலும் அந்தப் பேப்பரைப் பாத்துட்டு வாணாம் போன்னுட்டாங்க. ஒரு வருசம் என்கூட கூலிக்கு மல்லாட்டை புடுங்க வந்தான். அப்பறம் ஒரு புண்ணியவான் வேற டி.சி. எழுதிக் குடுத்தாரு."

பதினோரு வருடம் இந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஏழு அரியர் கதை தெரியும். இது தெரியாது.

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பாலு கழுவின தட்டையே கழுவிக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியிலிருந்து யாழினி வெளியே வந்தாள்.

"அப்பா, உங்களைக் கட்டிப் போட்டாங்களா? ஏன்?"

"ஓடுவேன்னு."

"நானும்தான் ஓடுவேன்."

பாலு குழாயை மூடினார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். அவளைப் பார்த்தார்.

"ஆமா," என்றார்.

அத்தை போனை வைத்ததும் நான் அவரிடம் போனேன். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை, கத்தினேன். "சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? அந்த வாரை ஏன் வெட்டுனன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் பத்து நாள் பேசாம இருந்திருப்பனா? பெரிய ரகசியமா இது? உன் பயத்துக்கு எம் பொண்ணு பதினாலு மாசம் குடுத்திருக்குதே!"

"உன்கிட்ட சொன்னா, நீ நர்சு, என்னையும் பேஷண்ட் மாதிரி பாப்பன்னு நெனச்சேன்," என்றார். "பேப்பர்ல ஏறிச்சின்னா எறங்காது அமுதா. அந்த டி.சி.ய எடுத்துக்கினு எங்கம்மா எத்தன ஸ்கூல் வாசப்படி ஏறுச்சி தெரியுமா? வெயில்ல நான் பின்னாடியே நடப்பேன். அவளுக்கும் அப்டி ஒண்ண எழுதிக் குடுக்கச் சொல்றியா?"

"அவன் உன்னை வெளிய தள்ள எழுதுனான். இவங்க உள்ள வெச்சிக்க எழுதுவாங்க. ரெண்டும் ஒண்ணா?"

"எனுக்கு எப்டித் தெரியும்?" என்று கத்தினார். "எனுக்கு எவன் அப்டி எழுதுனான்?"

நான் அவர் கழுவி வைத்த தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். "மயிலத்துல அப்டி சொன்னது தப்புதான்," என்றார். "எல்லாரும் உன்னைத் திட்டச் சொல்லோ எனுக்கு நிம்மதியா இருந்துச்சி. என்னாலன்னு யாரும் சொல்லலயேன்னு."

இதைவிடக் கேவலமான ஒரு உண்மையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. இதைவிட உண்மையாகவும் அவர் என்னிடம் எதையும் சொன்னதில்லை. எனக்கு அழுகையும் வந்தது, அவரை நாலு சாத்து சாத்தலாம் என்றும் வந்தது. நானும் அங்கே பிள்ளையை அடித்தேன் என்று சொன்னேன். 'தெரியும், பாத்தேன்' என்றார். டீ போட்டார். சர்க்கரையை மறந்துவிட்டார். குடித்தோம்.

5

படிவத்தைத் தாயும் தந்தையும் கலந்து பேசாமல் நிரப்ப வேண்டும் என்பது விதி. மறுநாள் சாயங்காலம் பாலு அதைக் காந்தத்திலிருந்து எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தார். நான் கூடத்தில் துணி மடித்தேன். காது மட்டும் அங்கேயே இருந்தது. நாலு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். நடுவில் இரண்டு தடவை பேனாவைத் தேடினார். காதில் செருகியிருந்தார்.

"அமுதா, இங்க வா. கடைசிக் கட்டம். வேற எதுனா சொல்லணுமான்னு கேக்கறாங்க. எழுதியிருக்கேன். ஸ்பெல்லிங் பாரு."

பார்க்கக் கூடாதுதான். பார்த்தேன். மற்ற பக்கங்களைக் கையால் மறைத்துக்கொண்டார், விதியை மதிக்கிறாராம். கடைசிக் கட்டத்தில் அவருடைய கோணல் கையெழுத்தில், அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

'போன முறை நான் எழுதியது பொய். என் மகளின் அப்பாவும் இப்படித்தான். என் அம்மா கூலி வேலைக்குப் போகும்போது என்னைப் புடவையால் மரத்தில் கட்டிவிட்டுப் போவார். அவருக்கு வேறு வழி தெரியவில்லை. எங்களுக்கு வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.'

மூன்று எழுத்துப் பிழை இருந்தது. "சரியா இருக்குது," என்றேன்.

படித்துவிட்டு நான் உருகிப்போனேன் என்று நினைக்காதீர்கள். கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அந்த வாத்தியார் மேல் இருக்கிறது. சூளையிலிருந்து வந்து அத்தையை அடித்த மாமனார் மேல் இருக்கிறது, அவர் செத்து எட்டு வருடமாகியும். 'ரெண்டு இழுப்பு இழு' என்கிற பெரியம்மாக்கள் மேல் இருக்கிறது. ஒரு குழந்தையைப் பார்க்கப் பதினான்கு மாதம் வரிசையில் நிற்க வைத்துவிட்டு நன்றி சொல்கிற இந்த ஊர் மேல் இருக்கிறது. பாலு மேல் கட்டாயம் இருக்கிறது. அந்த அறை வேண்டாம் என்று மட்டும் தோழியிடம் சொல்லிவிட்டேன்.

"குடு, காலைல வேலைக்குப் போறப்ப போட்டுடறேன்," என்று இரண்டு உறையையும் கேட்டார். அவரை நம்பி? டாஷ்போர்டில் ஆறு கடிதம் கிடந்தது எனக்கு மறக்குமா? கோட்டை மாட்டிக்கொண்டு நானே கிளம்பினேன். அவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். யாழினி எங்களுக்கு முன்னால் ஓடினாள். 'ரோடு வருது, நில்லு' என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நின்றாள். திரும்பி வந்தாள்.

தெருமுனைத் தபால் பெட்டியில் எட்டிப் போட அவளுக்குத்தான் ஆசை. உறைகளைக் கையில் கொடுத்தேன். அவள் உடனே போடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எல்லாம் என்னைப் பத்தித்தானே? நான் பாஸா, ஃபெயிலா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாலு அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"நீ பரீட்சையே எழுதல கண்ணு. அப்பாதான் எழுதனேன். மொத வாட்டி எல்லாமே தப்பாப் போட்டு ஃபெயிலு. இது அரியரு," என்றார்.

"அரியர்னா?"

"ஃபெயிலானவனுக்கு மறுபடி எழுத வுடுவாங்க."

யாழினி உறைகளைப் பெட்டிக்குள் தள்ளினாள். உள்ளே விழுந்ததா என்று கையை விட்டுப் பார்த்தாள். கை மாட்டிக்கொண்டது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம்.